25 ஐஎஸ்ஓ பிலிம் மீண்டு வரவேண்டுமா? குமரி வெயிலில் ஓர் அலசல்

25 ஐஎஸ்ஓ போன்ற மெதுவான பிலிம்கள் பல நின்றுபோயின; ஒன்றை மீட்டால் நமக்கு என்ன பயன்? குளச்சல் துறைமுகத்தில் உச்சிவெயில். கேமராவில் 400 ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வு எண்; குறைந்தால் அதிக ஒளி வேண்டும்) கறுப்பு வெள்ளை பிலிம் இருந்தால் அளவு எஃப் 16 (லென்ஸ் துவாரம்; எண் குறைந்தால் துவாரம் பெரிது, பின்னணி மங்கும்), ஷட்டர் 1/400 வினாடி. ஷட்டர் 1/1000-ஐத் தாண்டாத பழைய கேமராவில் எஃப் 11 வரைதான் திறக்க முடியும். பின்னால் நிற்கும் வள்ளமெல்லாம் கூர்மையாக விழும். 25 ஐஎஸ்ஓ என்றால் அதே வெயிலில் எஃப் 2.8, 1/800. வலை பொத்துகிற கை மட்டும் துலங்கும், மற்றது கரைந்துவிடும். திற்பரப்பு அருவியின் நிழல் பக்கத்தில் எஃப் 16 வைத்தால் அரை வினாடி கிடைக்கும், தண்ணீர் பஞ்சாக விழும்.

இதற்குப் போட்டி, 100 ஐஎஸ்ஓ பிலிமோடு ஒளியை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற சாம்பல் கண்ணாடி. படத்தில் தெரியும் மணிகளின் (கிரெய்ன்) நுண்மை மட்டும்தான் வேண்டும் என்றால் 100 ஐஎஸ்ஓ பிலிமே போதும். 1986-இல் நுண்மணி கொண்ட டி-மேக்ஸ் 100 வந்த மறு வருடமே கோடக் தன் 32 ஐஎஸ்ஓ பனடாமிக்-எக்ஸை 35 மி.மீ.யில் நிறுத்தியது. ஃபில்டரின் தொல்லை வேறு: எஸ்எல்ஆரில் பார்வை இருண்டு ஃபோகஸ் தவறும், உப்புக்காற்று படிய இன்னொரு கண்ணாடி கூடும், சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஒளிச்சிதறல் வரும்.

சரி, எதை மீட்பது? 2004-இல் நின்ற கோடக்கின் டெக்னிக்கல் பேன் வேண்டாம். அது ஆவணப் பிரதிக்கும் அறிவியல் வேலைக்கும் பிறந்தது. அதற்கென்ற மென்மையான டெவலப்பர் இல்லாமல் சாதாரண படம் எடுத்தால் மணவாளக்குறிச்சிக் கருமணலும் அலைநுரையும் வெறும் கறுப்பு, வெறும் வெள்ளையாகிவிடும். 2012-இல் குரோவேஷியத் தொழிற்சாலையோடு போன எஃப்கே 25-இன் நிறச்சாயல் அழகானது, ஆனால் அதன் ஜெலட்டின் பூச்சு மிக மென்மை. நம் குழாய்த் தண்ணீரின் சூட்டில் நகம் பட்டாலே கீறும். எங்கள் ஓட்டு ஆக்ஃபாவின் ஏபிஎக்ஸ் 25, அல்லது பனடாமிக்-எக்ஸ் வகைக்கு: எல்லா நிறத்தையும் உணரும் எமல்ஷன் (ஒளியுணர் பூச்சு), அதைத் தாங்க அசிட்டேட் அடித்தளம்.

அடித்தளத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்போது கிடைக்கும் ரோலை ஆர்பிஎக்ஸ் 25, அடாக்ஸ் சிஎம்எஸ் 20 இரண்டும் தெளிந்த பாலியெஸ்டரில் வருகின்றன. பிலிம் சுருளிலிருந்து வெளியே நீளும் நாக்கு (முனை) வழியாக ஒளி குழாயில் போவதுபோல் உள்ளே பாய்ந்து முதல் படங்களைப் புகைமூட்டமாக்கும். முக்கடல் வெயிலில் ரோல் மாற்றவே கூடாது. அறைக்குள்ளோ கறுப்புத் துணிக்குள்ளோ மாற்றுங்கள். சிஎம்எஸ்ஸுக்கு அதன் தனி டெவலப்பரும் வேண்டும்.

இல்ஃபோர்டின் பேன் எஃப் பிளஸ் (50 ஐஎஸ்ஓ) அசிட்டேட்தான். அதன் குறை, எடுத்த படம் டெவலப் ஆகும்முன் மெல்ல மங்குவது. 3 மாதத்துக்குள் கழுவச் சொல்கிறது நிறுவனமே. இந்தப் புழுக்கத்தில் 3 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்டும் கூடுதல், அதனால் 25 ஆக வைத்து எடுத்து டெவலப்பிங் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். ஐடி-11 டெவலப்பர் 1+3 (150 மி.லி. கரைசல், 450 மி.லி. தண்ணீர்) 20 டிகிரியில் 15 நிமிடம் என்பது 12 ஆகும், 24 டிகிரியில் ஏறக்குறைய 8. நாகர்கோவில் குழாயில் வரும் 28, 30 டிகிரித் தண்ணீரில் அப்படியே இறக்கினால் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே போய்த் திட்டுத்திட்டாக வரும். டேங்கை ஐஸ் போட்ட வாளியில் வைத்து 24-க்குக் கொண்டுவாருங்கள். பிக்ஸரும் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) கழுவும் தண்ணீரும் அதே 24-இல் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜெலட்டின் சுருங்கி வலைக்கோடு விழும்.

மீட்பது முடியாத காரியமல்ல. 2018-இல் நிறுத்திய அக்ராஸ் என்ற 100 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை பிலிமை, கிடைக்காமல் போன மூலப்பொருள்களுக்கு மாற்று தேடி, 2019-இல் அக்ராஸ் II ஆகக் கொண்டுவந்தது ஃபுஜி. பழைய சூத்திரம் கையில் இருந்தாலும் அதே ஜெலட்டினும் சாயமும் கிடைக்காது என்பதே இதில் பாடம். பெயர் பழையதாக இருக்கும், பிலிம் புதியதுதான். ஊட்டியில் 'இந்து' பிலிம் செய்த ஆலை மூடிக்கிடக்க, நமக்கு அது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

35 மி.மீ.யில் மட்டும் வந்தால் போதும். அகலமான 120 ரோலில் நெகட்டிவ் பெரியது, 100 ஐஎஸ்ஓ மணிகளே கண்ணில் படாது; போதாக்குறைக்கு அதனுடன் சுருட்டி வரும் பின்தாள் கடலோர ஈரத்தில் படத்தின்மேல் எண்களைப் பதித்துவிடக்கூடும்.