பழைய விண்டோஸ் எக்ஸ்பிய புது கம்ப்யூட்டர்ல தொறக்க விர்ச்சுவல்பாக்ஸ், என் அனுபவம்

கும்பகோணத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன பிரஸ் நம்மளோடது. பழைய டிசைன் பூரா பேஜ்மேக்கர்ங்கிற பழைய டிசைன் சாஃப்ட்வேர்ல, யூனிகோடுக்கு முந்துன ஃபான்ட்ல கெடக்கு, ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல தொறந்தா மாப்பிள்ளை பேரு இருக்குற எடத்துல இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். அதுக்குன்னே விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) ஒரு எக்ஸ்பி ஓட்டிக்கிட்டிருந்தேன், தை முகூர்த்தம் நெருங்குற நேரமா பாத்து கம்ப்யூட்டர் போர்டு போச்சு. ஹார்ட் டிஸ்க் தப்பிச்சது ஒப்பிலியப்பன் புண்ணியம்.

புது சிஸ்டத்துல விர்ச்சுவல்பாக்ஸ ஓசிலயே எறக்கிட்டு, 'நியூ' போட்டு, விண்டோஸ் 10னு குடுத்து, பழைய விடிஐ ஃபைல (அந்த எக்ஸ்பியோட ஹார்ட் டிஸ்க்கே ஒரு ஃபைலா இருக்குறது) மாட்டுனேன். நீல ஸ்கிரீன், கடைசில 7பி, அதாவது விண்டோஸுக்கு டிஸ்க்கு எட்டலங்கிற எரர். டிஸ்க்கு செத்துடுச்சுன்னு கை நடுங்கிப்போச்சு, அப்பறம் பக்கத்து செராக்ஸ் கடைத் தம்பி வந்து பாத்துட்டு, "அண்ணே, டிஸ்க்க மாட்டுற புது முறை சாட்டா, எக்ஸ்பிக்கு அந்த டிரைவர் கெடையாது, பழைய முறை ஐடிஇ தான். எதுக்கு புதுசா செய்றீங்க, பழைய மெஷினையே ஆட் பண்ணுங்க"ன்னான்.

மெஷின் மெனுவுல 'ஆட்', அந்த ஃபோல்டர்ல இருக்குற விபாக்ஸ் ஃபைல (மெஷினோட செட்டிங்ஸ் இருக்குறது) காட்டுனா போதும், ரேம், ஐடிஇ எல்லாம் பழையபடி வந்து நிக்குது. ஸ்டார்ட் அடிச்சா பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆஃப்னு திட்டு, 6.1 வெர்ஷன்லேந்து அது இல்லாம ஓடாது, போய் ஆன் பண்ணேன். அடுத்தது சேவ்டு ஸ்டேட், அதாவது ஓடிக்கிட்டிருந்த நிலையிலயே நிறுத்தி வச்சது. அன்னைக்கு ஷட்டவுன் பண்ணாம அப்படியே தூங்கவச்சது நான்தான், பிராசஸர் மாறுனதால எழுந்திரிக்கல, டிஸ்கார்ட் பண்ணேன், சேவ் பண்ணாத ஒரு காதுகுத்துப் பத்திரிகை போச்சு.

இதுல ஒன்னு முக்கியம். 'ஆட்' எதையும் காப்பி பண்ணாது. பட்டா மாத்தாம சாவிய மட்டும் வாங்குன கதை. யுஎஸ்பில மாட்டியிருந்த பழைய டிஸ்க்க சாயங்காலம் கழட்டிட்டேன், காலைல 'இன்அக்சஸிபிள்', ஃபைல எட்ட முடியலன்னு. மறுபடி மாட்டி, ஃபோல்டர முழுசா, ஸ்னாப்ஷாட்டோட (அப்பப்ப பதிஞ்சு வச்ச பழைய நிலை), சி டிரைவுக்கு காப்பி பண்ணி, லிஸ்ட்ல இருந்த பழசையும் அந்த நீல ஸ்கிரீன் மெஷினையும் ரிமூவ் பண்ணிட்டு, புது எடத்துலேந்து ஆட் பண்ணேன். ரிமூவ் பண்றப்ப 'ரிமூவ் ஒன்லி' தான் அமுக்கணும், பக்கத்துல இருக்குற 'டெலீட் ஆல் ஃபைல்ஸ்' மேல கை பட்டா அவ்ளோதான்.

விர்ச்சுவல்பாக்ஸ் பாக்க அழகு கெடையாது, மெனு தேடவே ஒரு காபி குடிக்கணும். இருந்தாலும் அஞ்சுக்கு நாலு குடுப்பேன். இப்ப அதுல ஒரு அய்யம்பேட்டை பார்ட்டி பத்திரிகை ஓடிக்கிட்டிருக்கு, 500 காப்பி.