கோ மொழியின் டியூரேஷன்: எண்ணோடு அலகும் வருகிறது

வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எடை மேடைகளுக்கு மென்பொருள் எழுதுவோருக்கு டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) உயிர்நாடி. சிக்னல் போனால் பில் திரை உறையும், லாரிகள் வரிசை கட்டும். அங்கே கோ (Go) நிரல்மொழியில் நேரத்தைக் கையாளும் டைம் தொகுப்பைத் தாராளமாக நம்பலாம்.

இணையக் கோரிக்கை அனுப்பும் பைத்தான் நூலகமான ரிக்வெஸ்ட்ஸில் டைம்அவுட் 5 என்றால் 5 விநாடி. அதே வேலைக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஆக்சியோஸில் அதே 5, 5 மில்லிவிநாடி. எண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது. கோ மொழியில் 5 * டைம்.செகண்ட் என எழுதுகிறோம். படிப்பவருக்குச் சந்தேகமே வராது. இந்தக் கால அளவின் வகைதான் டியூரேஷன்; உள்ளே அது நானோவிநாடிக் கணக்கில் 64 பிட் முழு எண். சுமார் 290 ஆண்டு வரை கொள்ளும்.

ஓட்டைகளும் உண்டு. டைம்.ஸ்லீப்(5) என்று வெறும் எண் கொடுத்தால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) தடுக்காது, 5 நானோவிநாடியில் முடிந்துவிடும். இதைத் தடுத்திருக்க வேண்டும். மாறியில் உள்ள எண்ணை டியூரேஷனாக மாற்றிவிட்டு செகண்டால் பெருக்க மறப்பதும் இதே வகைப் பிழைதான். நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவமான ஜேசானில் 30 விநாடி 30000000000 ஆகப் போகும். எதிர்முனை மில்லிவிநாடி என்று படித்தால் கிட்டத்தட்ட ஓராண்டு! அமைப்புக் கோப்பில் அலகுடன் சரமாக (எழுத்து வடிவில்) எழுதி, அதை டியூரேஷனாக மாற்றும் பார்ஸ்டியூரேஷன் என்ற செயல்பாட்டால் படியுங்கள். அலகு விட்டுப்போனால் அது பிழை காட்டும். நாள் என்ற அலகு மட்டும் கிடையாது, 24 மணி என்றே எழுத வேண்டும்.

கோ மொழியில் இணையக் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி கிளையன்டின் டைம்அவுட் இணைப்பு முதல் பதிலைப் படித்து முடிப்பது வரை மொத்தத்துக்கும் பொருந்தும். இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை, கட்டாயம் மாற்றுங்கள்.

மதிப்பெண்: 5க்கு 4.