ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர்: பட்டியலைவிட மதிப்பெண்தான் முக்கியம்

மேல்படிப்பும் தொழிலும் தேர்ந்தெடுக்க உதவுகிறோம் என்று சொல்லும் இணையச் சோதனைகளில், பள்ளி மாணவர் கையில் தயங்காமல் கொடுக்கக்கூடியது ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் உருவானது. 'மை நெக்ஸ்ட் மூவ்' என்ற தளத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கத் தேவையில்லை, எந்த நாட்டிலிருந்தும் திறக்கலாம். கைரேகையைப் பார்த்துக் குழந்தையின் தொழிலைச் சொல்கிறோம் என்று பணம் வாங்கும் சோதனைகளுக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. அவற்றுக்குப் போகும் முன் பெற்றோர் இந்த இலவசக் கருவியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் கடைசித் திரையில் வரும் தொழில் பட்டியலை மட்டும் படித்துவிட்டு மூடினால் இதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

இதன் அடிப்படை, உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு. மனிதர்களின் விருப்பங்களையும் வேலைகளையும் ஒரே ஆறு வகைகளில் அடக்கலாம் என்பது அவர் கருத்து. கருவி, பொருள், மண், இயந்திரம் என்று கையால் செய்வது ரியலிஸ்டிக். ஆராய்வது இன்வெஸ்டிகேட்டிவ். படைப்பது ஆர்ட்டிஸ்டிக். கற்பிப்பதும் பராமரிப்பதும் சோஷியல். நடத்துவது, விற்பது, இணங்க வைப்பது என்டர்ப்ரைசிங். கணக்கும் பதிவுகளும் ஒழுங்காக வைப்பது கன்வென்ஷனல்.

முதலில் வந்த வடிவத்தில் 180 கேள்விகள் இருந்தன. இப்போது 60 கேள்விகளுள்ள குறுவடிவமும், அதையும் பாதியாக்கிய 30 கேள்வி வடிவமும் உண்டு. நேரம் இருந்தால் 60-ஐயே எடுங்கள். அச்சிட்டுக்கொள்ளும் தாளாகவும் கிடைக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் 10 கேள்விகள். 'செங்கல் அல்லது தரை ஓடு பதித்தல்', 'புதிய மருந்தை உருவாக்குதல்', 'சில்லறைக் கடை ஒன்றை நிர்வகித்தல்' என ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்லும். மிகவும் பிடிக்காது என்பதிலிருந்து மிகவும் பிடிக்கும் என்பதுவரை ஐந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிலுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆக, ஒரு வகையின் உச்சம் 40.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் முடிவைப் படிக்க முடியும். ஒரு மாணவிக்கு 31, 29, 28 என்று முதல் மூன்று வகைகள் வந்தால், அவளை 'முதல் வகைக்காரி' என்று முத்திரை குத்துவதில் பொருளில்லை. இரண்டு மூன்று பதில்கள் ஒரு படி மாறினாலே வரிசை தலைகீழாகும். மூன்றையும் சமமாக வைத்துத்தான் தொழில்களைத் தேட வேண்டும். 36, 24, 12 என்று வந்தால் கதை வேறு. அங்கே முதல் வகையை நம்பிப் போகலாம். எல்லாக் கேள்விக்கும் 'தெரியவில்லை' என்ற நடுப்பதிலைக் குறித்தால் ஆறு வகைக்கும் 20, 20 என்றே வரும். ஆறும் 20-ஐ ஒட்டி நின்றால், அந்த மாணவருக்கு விருப்பமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் கேள்வியில் உள்ள வேலை என்னவென்றே தெரியாமல் 'தெரியவில்லை' என்று குறித்திருப்பார். பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கி விற்பது பற்றிக் கேள்விப்படாதவர், அது பிடிக்குமா என்று எப்படிச் சொல்வார்?

மொழியும் இதில் ஒரு தடை. தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே இருக்கிறது. ஆசிரியரோ வீட்டில் மூத்தவரோ பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு கேள்வியையும் அந்த வேலையில் கை என்ன செய்யும், கண் எதைப் பார்க்கும் என்று தமிழில் விளக்கினால் போதும். 'உன்னால் முடியுமா' என்று கேட்டுவிடக் கூடாது. 'செய்யப் பிடிக்குமா' என்றே கேட்க வேண்டும். அதற்கான படிப்பு இருக்கிறதா, எவ்வளவு சம்பளம் வரும் என்பதை நினைக்க வேண்டாம் என்று தளமே சொல்கிறது. விளக்கியதும் ஒதுங்கிவிடுங்கள். அப்பா அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் செங்கல் பதிப்பதற்கும் மீன்குஞ்சு வளர்ப்பதற்கும் 'மிகவும் பிடிக்காது' என்றே பல பிள்ளைகள் குறிக்கிறார்கள். கௌரவம் பார்த்துக் குறித்த அந்தப் பத்துப் பதில்களால் ரியலிஸ்டிக் மதிப்பெண் சரிந்து, கட்டுமானப் பொறியியல், மீன்வளம், வேளாண்மை, இயந்திரவியல் போன்ற துறைகள் பட்டியலில் பின்னுக்குப் போய்விடுகின்றன. இந்தச் சோதனையில் நடக்கும் மிகப் பெரிய சேதம் இதுதான்.

அடுத்த திரையில் 'ஜாப் ஸோன்' கேட்கும். ஒரு வேலைக்கு எவ்வளவு தயாரிப்பு தேவை என்பதற்கான ஐந்து படிகள் அவை. 1 என்றால் ஏறக்குறைய எதுவும் தேவையில்லை. 3 தொழிற்பயிற்சியை ஒட்டியது. 4 பெரும்பாலும் இளநிலைப் பட்டம். 5 அதற்கும் மேல். இங்கே மாணவர்கள் 'இப்போது நான் பள்ளியில்தானே இருக்கிறேன்' என்று 1-ஐ அழுத்திவிட்டு, வரும் பட்டியலைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். எதிர்காலத்தில் எதுவரை படிக்க நினைக்கிறாரோ அதையே அழுத்த வேண்டும்.

இந்த ஐந்து படிகளும் அமெரிக்கக் கல்வி முறைக்கு வகுத்தவை. அங்கே மருத்துவமும் சட்டமும் ஒரு பட்டம் முடித்தபின் சேரும் படிப்புகள். அதனால் மருத்துவர், வழக்கறிஞர், மருந்தாளுநர், கால்நடை மருத்துவர், இயன்முறை மருத்துவர் எல்லாரும் 5-இல் இருக்கிறார்கள். பல நாடுகளில் இவற்றுக்குப் பள்ளி முடித்தவுடனேயே சேரலாம். 4-ஐ மட்டும் பார்ப்பவருக்கு இவை கண்ணிலேயே படாது. பட்டம் படிக்க நினைப்பவர் 4, 5 இரண்டையும் திறந்து பார்க்கட்டும். தொழிற்பயிற்சியை விரும்புபவர் 2, 3 இரண்டையும்.

பட்டியலில் ஒரு தொழிலை அழுத்தினால் திறக்கும் தொழில் பக்கங்கள்தான் இந்தத் தளத்தின் உண்மையான செல்வம். அன்றாடம் செய்யும் பணிகள், தேவையான அறிவு, திறன், பயன்படுத்தும் மென்பொருள் என்று சுருக்கமாக ஒரே பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து ஓ-நெட் ஆன்லைன் என்ற தளத்தின் விரிவான பக்கத்துக்குப் போனால் பணிச்சூழல் என்ற பகுதி வரும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வெளியில் எத்தனை வேலை, காலக்கெடு நெருக்கடி எப்படி என்று அந்த வேலையில் இருப்பவர்களின் பதில்கள் விழுக்காட்டில் இருக்கும். கல்லூரிக் கையேடுகளில் இந்தத் தகவலைப் பார்க்க முடியாது. சம்பளம், வேலைவாய்ப்பு வளர்ச்சி இரண்டும் அமெரிக்கக் கணக்கு. வேறு நாட்டில் இருப்பவர் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடலாம். வேலைவாய்ப்பு நன்றாக இருக்கும் என்று காட்டும் 'பிரைட் அவுட்லுக்' என்ற அடையாளமும் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. எந்தப் பாடப்பிரிவு எடுத்தால் எந்தப் படிப்பில் சேரலாம் என்ற கேள்விக்கும் இங்கே பதில் கிடையாது.

இந்தச் சோதனை அளப்பது விருப்பத்தை மட்டும். இன்வெஸ்டிகேட்டிவ் 38 வந்த மாணவருக்குக் கணிதம் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 15 வந்தவருக்கு வராது என்றும் சொல்ல முடியாது. பாடப்பிரிவை முடிவு செய்ய இதை மட்டுமே காரணமாகக் காட்டும் ஆலோசகரிடம் கவனமாக இருங்கள்.

பட்டியலிலிருந்து மூன்று தொழில்களை எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு பிடித்தவை, ஒன்று இதுவரை கேள்வியே படாதது. ஒவ்வொன்றுக்கும் சேர நினைக்கும் கல்வி நிறுவனத்தின் சேர்க்கை விதியில் கட்டாயப் பாடம் எது என்று பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் முதலாண்டை விட்டுவிட்டுக் கடைசி ஆண்டுப் பாடங்களைப் படியுங்கள். முதலாண்டு பல படிப்புகளில் ஒரே மாதிரி இருக்கும். பிறகு அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் 'வேலை எப்படி?' என்று கேட்காமல், 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால், தொழில் பக்கத்தில் படித்தது எவ்வளவு சரி என்று தெரிந்துவிடும்.

கணக்கு இல்லாத தளம் என்பதால், உலாவியை மூடும் முன் ஆறு மதிப்பெண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். ஓராண்டு கழித்து மறுபடி எடுக்கும்போது பழைய தாளைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். முன்பே பார்த்தால் அதே பதில்கள்தான் திரும்ப வரும்.