உடல்வடிவங்களின் பரிணாமம்: ஒரு காணொளிப் பாடத்தொடர் பற்றிய மதிப்புரை

விலங்குகளின் உடல்வடிவங்கள் பரிணமித்த விதத்தைக் கரு வளர்ச்சியின் வழியாக விளக்கும் இந்த இணையவழிப் பாடத்தொடர், பள்ளி உயிரியல் அறிந்த எவரும் பின்தொடரக்கூடியது என்ற அறிவிப்போடு வெளிவந்துள்ளது; முதல் பாடத்தைத் தவிர்த்துப் பார்த்தால் அது பொய்யில்லை.

ஹாக்ஸ் மரபணுக்களைப் பற்றிய பகுதி நேர்த்தியானது. தலையில் உணர்கொம்புகளுக்குப் பதிலாகக் கால்கள் முளைத்த பழ ஈயைக் காட்டி, உடலின் எந்தப் பகுதி எதுவாக வளர வேண்டும் என்பதை இம்மரபணுக்கள் வகுப்பதைப் புரியவைக்கிறார்கள். பழ ஈயில் 8 ஆக உள்ள இவை மனிதரில் நான்கு தொகுதிகளில் 39 ஆகப் பெருகியிருப்பதும் சொல்லப்படுகிறது. ஆனால் 1995இல் உயிரியலாளர் வால்டர் கெரிங்கின் ஆய்வகம், கண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் எலியின் பாக்ஸ்6 மரபணுவைப் பழ ஈயின் உடலில் வேறிடங்களில் இயக்கியபோது, அங்கே எலியின் கண் அல்லாமல் ஈயின் கூட்டுக்கண்ணே தோன்றியது என்ற வியப்பான முடிவை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

மரபணுக்கள் இத்தனை பொதுவானவை என்றால் உடல்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? இக்கேள்விக்கு விடை தரும் ஸ்டிக்கில்பேக் மீன் பாடத்துக்காகவே இத்தொடரைப் பார்க்கலாம். கடலில் வாழும் இம்மீனின் இடுப்பில் முட்கள் உண்டு. பனியுகத்துக்குப் பின் உருவான சில நன்னீர் ஏரிகளில் குடியேறிய கூட்டங்கள் அவற்றை இழந்துவிட்டன. இடுப்பு முட்களின் வளர்ச்சிக்குத் தேவையான பிட்எக்ஸ்1 மரபணு தரும் புரதம் மாறவில்லை. இடுப்பில் அதை இயங்கச் செய்யும் டி.என்.ஏ. துண்டு மட்டுமே பல கூட்டங்களில் தனித்தனியே அழிந்திருக்கிறது. அதே மரபணு தாடை முதலிய வேறு உறுப்புகளின் வளர்ச்சிக்கும் தேவைப்படுவதால், அது முழுவதும் பழுதானால் மீனே பிழைப்பது அரிது. ஓரிடத்தில் அதை இயக்கும் துண்டு மட்டும் அழிந்தால் ஓர் உறுப்பு மட்டுமே மறைகிறது. இந்தத் தர்க்கத்தைப் படிப்படியாக, அவசரமின்றி, எதிர்க்கேள்விகளையும் எழுப்பி விளக்கியிருப்பது பாராட்டத்தக்கது. பாம்பு கால்களை இழந்ததையும் இதே நோக்கில் அணுகுகிறார்கள், சற்றுச் சுருக்கமாக.

முதல் பாடம்தான் உறுத்துகிறது. கருக்களின் ஒற்றுமையை மிகைப்படுத்தி ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1874இல் வெளியிட்ட படங்களை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரையிடுகிறார்கள். பொதுப் பண்புகள் முதலில் தோன்றிச் சிறப்புப் பண்புகள் பின்னர் வெளிப்படும் என்று 1828இலேயே கருவியலாளர் வான் பேயர் கூறியதிலிருந்து தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. விலங்கு வகைகள் பல திடீரெனப் பெருகிய தொல்பழங்காலமான கேம்பிரியக் காலத்தைப் பற்றிய பகுதியும் மரபணுக்களையே சுற்றிவருகிறது. அவற்றுள் பல அக்காலத்துக்கு முன்பே இருந்தவை என்பதால், கடலின் ஆக்சிஜன் அளவையும் வேட்டையாடும் விலங்குகளின் வருகையையும் பேசாமல் அப்பெருக்கத்தை விளக்க முடியாது. பயிற்சி வினாக்கள் மரபணுப் பெயர்களை ஒப்பிக்கவே கேட்கின்றன. அவற்றைத் தாண்டிச் செல்வதால் இழப்பு எதுவுமில்லை.