செய்தித்தாள் பிரதியா, வெள்ளைத்தாள் பிரதியா? தோமியேயின் கல்லச்சுகள் குறித்து

பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே (1808–1879) தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 கல்லச்சுச் சித்திரங்களை, அதாவது கல்லின்மேல் வரைந்து தாளில் அச்சிடும் சித்திரங்களை, வரைந்தார். அவற்றில் பெரும்பகுதி, ஷார்ல் ஃபிலிப்போன் 1832 டிசம்பரில் பாரிசில் தொடங்கிய ‘லெ ஷாரிவாரி’ என்னும் அங்கத நாளேட்டில் வெளியானது. அவற்றுள் பல சித்திரங்கள் இன்று இரண்டு வடிவங்களில் விற்பனைக்கு வருகின்றன. நாளேட்டின் மூன்றாம் பக்கமாக, பின்புறத்தில் நான்காம் பக்கத்தின் எழுத்துகளோடு வந்தது ஒன்று. தனியே விற்பதற்காகத் தடித்த வெள்ளைத் தாளில், பின்புறம் வெறுமையாக விட்டு அச்சிட்டது மற்றொன்று. பின்னதைப் பிரெஞ்சு வணிகர்கள் ‘சூர் பிளான்’ என்பார்கள். இரண்டையும் வாங்கிப் பார்த்த பின், நான் இப்போது செய்தித்தாள் பிரதிகளையே தேடிச் சேர்க்கிறேன்.

அழகில் வெள்ளைத்தாள் பிரதியே மேல் என்பதில் ஐயமில்லை. கரிய பகுதிகள் பட்டுப்போல் ஆழ்ந்து நிற்கும். கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோல் நடந்த ஒவ்வொரு தடமும் தெரியும். ஓரங்கள் அகலமாக இருக்கும். செய்தித்தாள் பிரதியில் பின்பக்க எழுத்து முகங்களின் மேலும் வானத்தின் மேலும் நிழலாகக் கசியும், நடுவில் மடிப்புக்கோடு ஓடலாம், சிலவற்றில் நாளேட்டுக்கு வரி கட்டியதைக் காட்டும் முத்திரையும் விழுந்திருக்கும். விலையிலும் வேறுபாடு பெரிது: ஒரு நல்ல வெள்ளைத்தாள் பிரதிக்குக் கொடுத்த தொகையில் நான் மூன்று செய்தித்தாள் பிரதிகளை வாங்கியிருக்கிறேன்.

ஆயினும் என் முடிவை மாற்றியது விலையன்று. வாங்குவது மெய்யான பழைய அச்சுத்தானா என்பதை நாமே சோதித்து அறியும் வாய்ப்புத்தான். கல்லச்சில் படம் மேடுபள்ளமற்ற பரப்பிலிருந்து தாளுக்கு மாறுகிறது. ஈய எழுத்தோ தாளை அழுத்திப் பதிகிறது. ஷாரிவாரியில் கல்லச்சாக வந்த ஒவ்வொரு சித்திரத் தாளும் இவ்விரண்டு அச்சுமுறைகளையும் கடந்து வந்தது. பின்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துகளின் அழுத்தத் தடம் கண்ணுக்குத் தெரியும். பல தாள்களில் விரலுக்கும் தட்டுப்படும். அதைவிடப் பயனுள்ளது, அந்த எழுத்துகளையே படித்துப் பார்ப்பதாகும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் ஷாரிவாரியின் பழைய இதழ்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. கையிலுள்ள தாளின் பின்னால் இருக்கும் விளம்பரமோ செய்தித் துண்டோ எந்த நாளின் நான்காம் பக்கத்தோடு பொருந்துகிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டால், தனித்தாளில் தேதி இல்லாவிட்டாலும் அது எந்த நாளின் இதழில் வந்தது என்பது உறுதியாகிவிடும். இந்தச் சோதனைக்குத் தேவையானவை பொறுமையும் ஒரு மாலைப்பொழுதும் மட்டுமே.

வெள்ளைத்தாள் பிரதிக்கு இப்படியொரு சாட்சி இல்லை. நான் முதலில் வாங்கிய வழக்கறிஞர் சித்திரம், சேன் நதிக்கரையில் ஒரு பழம்பொருள் வணிகரிடம் எடுத்தது. 1840களின் அச்சு என்றே சொல்லித் தந்தார். உருப்பெருக்கியில் பார்த்தேன், இயந்திர நகல்களில் வழக்கமாகத் தெரியும் ஒழுங்கான புள்ளி வரிசை இல்லை, ஆகவே நகலாக இருக்காது என்று நம்பினேன். பின்னர் அச்சுகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் அது ஒளிப்படத்தின் வழியே அச்செடுக்கும் கொலோடைப் முறையில் எடுத்த பிற்கால நகல் என்பதை விளக்கினார். அந்த முறையில் ஒழுங்கான புள்ளி வலை இருக்காது. ஒழுங்கற்ற நுண்சுருக்கங்களே இருக்கும், பழகாத கண்ணுக்கு அவை கல்லின் பொருக்குப்போலவே தோன்றும். தோமியேயின் அச்சுகளுக்கு லோயிஸ் டெல்டெய் தொகுத்த பட்டியலின் எண்ணைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதை நான் சான்றாக எடுத்துக்கொண்டது என் பெரும் பிழை. பட்டியல் எண் இன்ன சித்திரம் என்று சொல்லுமேயொழிய, இன்ன தாள் மெய்யானது என்று சொல்லாது.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. 1830களிலும் 1840களிலும் நாளேட்டுத் தாளே கந்தல் துணிக்கூழால் ஆனது. ஆகவே மெல்லியதாயினும் பிற்காலச் செய்தித்தாள்போல் பொடிந்துவிடாது. அமிலமற்ற உறையில் வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். ஆனால் 1870ஐ ஒட்டிய இதழ்களில் கவனம் வேண்டும். அப்போது சித்திரத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, எழுத்தோடு சேர்த்தே அச்சிடும் ஜிலோத்தாஜ் முறை வந்துவிட்டது. அதில் மெல்லிய சாயல்கள் போய்க் கோடுகள் மட்டுமே முரட்டுத்தனமாக நிற்கின்றன. அந்தக் காலத்துத் தாள்களை நான் வாங்குவதில்லை.

கையால் வண்ணம் தீட்டியவற்றைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச இயலாது. என்னிடம் இரண்டே உள்ளன. அவற்றின் வண்ணம் அக்காலத்ததா, பின்னர் விற்பனைக்காகப் பூசியதா என்று கண்டறியும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

செய்தித்தாள் வழி முற்றிலும் மூடியிருக்கும் சித்திரங்களும் உண்டு. 1834 ஏப்ரல் 15 அன்று பாரிசில் ஒரு குடியிருப்புக்குள் புகுந்த படைவீரர்களால் கொல்லப்பட்டவர்களைக் காட்டும் ‘ரூ திரான்ஸ்நொனேன்’ நாளேட்டில் வரவில்லை. பத்திரிகைக்கு விதித்த அபராதங்களுக்குப் பணம் திரட்டுவதற்காகச் சந்தாதாரர்களுக்கு மாதந்தோறும் அளித்த தனித்தாள் வரிசையில் அது வந்தது. அதன் பின்புறத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அதன் பிரதியொன்று என் கைக்கு எட்டும் விலையில் வந்தாலும், முன்பு யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறும் தேர்ந்த ஒருவரின் நேரடிப் பார்வையும் இல்லாமல் நான் வாங்க மாட்டேன்.