ஐந்து வருட மளிகை நோட்டு: கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

2020 ஜூன் மாதம் என் கணவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. அந்த வாரமே பழைய டைரி ஒன்றை எடுத்து, தேதி, சாமான், எடை, கடை, விலை என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். பிறகு சம்பளம் பழையபடி வந்துவிட்டது. எழுதுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. முதல் நோட்டின் பாதிப் பக்கங்களில் மஞ்சள் கறை.

வீட்டில் நான், கணவர், அத்தை, மகள் என்று நாலு பேர். வடசென்னையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மளிகைக் கணக்கில் வீட்டின் அளவும் சேர்த்தி என்று எனக்குப் புரியவே ஒன்றரை வருடம் ஆனது.

முதல் வருடம் முழுக்கத் தப்பாகத்தான் கணக்குப் போட்டேன். எந்தக் கடையில் கிலோ விலை குறைவு என்று மட்டும் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே பதில்தான்: ஜார்ஜ் டவுன் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. பருப்பு, மிளகாய், தனியா, முந்திரி, ஏலக்காய் எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும் இடம். அத்தை இன்றைக்கும் அந்தப் பக்கம் முழுவதையும் ‘கொத்தவால் சாவடி’ என்றுதான் சொல்வார். 1996இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனாலும் மளிகைக் கடைகள் இங்கேயே நின்றுவிட்டன. பாரிமுனைப் பக்கம் இறங்கி, கைவண்டிக்கும் மூட்டை தூக்குபவருக்கும் வழிவிட்டு நடந்தால் வந்துவிடும். கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்கும் கடைகளும் உண்டு, சிரித்துக்கொண்டே கட்டித்தரும் கடைகளும் உண்டு. நாலைந்து முறை அலைந்தால் யார் எப்படி என்று தெரிந்துவிடும்.

2021 அக்டோபரில் அங்கே துவரம் பருப்பு ஐந்து கிலோ, உளுந்து ஐந்து கிலோ வாங்கி வந்தேன். எங்கள் தெரு விலையைவிடக் கிலோவுக்கு 15 ரூபாய் குறைவு. பத்துக் கிலோவுக்கு 150 ரூபாய் மிச்சம் என்று நோட்டில் சிவப்பு மையில் வேறு எழுதிவைத்தேன். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவர் அந்த மாதம் முழுக்க வியர்த்துக்கொண்டே இருந்தது. டிசம்பர் முதல் வாரம் டப்பாவைத் திறந்தால் உளுந்து தானாக நகர்கிறது. வண்டு. முறத்தில் கொட்டிப் புடைத்து, மொட்டை மாடியில் காயவைத்துப் பார்த்தும் மூன்று கிலோ தேறவில்லை. 300 ரூபாய்க்கு மேல் நஷ்டம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று கிலோவைப் புறாவுக்குப் போட்டுவிட்டு வந்து, “புறா நல்லா சாப்பிட்டுச்சு” என்றார். அதற்குப் பிறகு பருப்பு இரண்டு கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. டப்பாவில் காய்ந்த மிளகாய் இரண்டு, அரிசி டிரம்மில் வசம்பு ஒரு துண்டு போட்டுவைக்கிறேன்.

போக்குவரத்துச் செலவையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஷேர் ஆட்டோவில் போய்வந்தால் மிச்சத்தில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். 2021 மே 8ஆம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதும்தான் கோவிந்தப்ப நாயக்கன் தெரு எங்களுக்கு நிஜமாகவே மலிவானது. என் கணவர் போனால் மலிவில்லை, நான் போனால் மலிவு. இந்த ஒரு கணக்கால் மளிகைப் பை நிரந்தரமாக என் தோளுக்கு வந்துவிட்டது. அரசாங்கம் இதை யோசித்திருக்காது!

இப்போது மாதம் ஒரு முறைதான் போகிறேன். மிளகாய், தனியா, மிளகு, சீரகம், சோம்பு, பட்டை. எடை குறைவு, விலை அதிகம், சீக்கிரம் கெடாது. இவற்றில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. சீரகத்திலும் மிளகிலும் மிச்சமாகும் அளவு பருப்பில் ஆகாது. குழம்பு மிளகாய்த்தூளும் வீட்டிலேயே தயார் செய்து மில்லில் அரைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கத்துக் காற்று எப்படி என்று தெரியும்தானே. மாடியில் காயப்போடும்போது மேலே பழைய வேட்டியைப் போட்டு மூட வேண்டும். சாயங்காலம் அந்த வேட்டியைப் பார்த்தால், மூடாமல் விட்டிருந்தால் எதை அரைத்துச் சாப்பிட்டிருப்போம் என்று தெரியும்.

அடுத்து ரேஷன். எங்களுடையது அரிசி அட்டை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 வீதம் இரண்டு கிலோ. ஆக மொத்தம் 105 ரூபாய். அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். இந்த 105 ரூபாய்க்கு ஈடு கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது. என் நோட்டில் ரேஷன் கடைக்கு எதிரே ‘ஒப்பிட வேண்டாம்’ என்றே எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் இதற்கு வேறு விதத்தில் விலை உண்டு. சர்க்கரை வந்த அன்று பருப்பு வந்திருக்காது, பருப்பு வந்த அன்று அத்தையின் விரல் மெஷினில் விழாது. அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல். ரேகை எங்கே இருக்கும்? வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நான்தான் போய் வைப்பேன். ஒரு மாதச் சாமானுக்கு இரண்டு நடை நிச்சயம்.

ரேஷன் அரிசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செறிவூட்டிய அரிசி வந்த புதிதில், ஊறவைத்தால் சில மணிகள் மிதக்கின்றன, பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவே பேசியது. நானும் ஒரு மாதம் பயந்துபோய் வாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசிமாவில் செய்த மணியை நூற்றுக்கு ஒன்று என்று கலந்திருந்தார்கள். அந்த ஒரு மாதம் இட்லி அரிசிக்குக் கொடுத்த காசு நோட்டில் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டு இட்லி இன்றுவரை ரேஷன் புழுங்கலில்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம் முதலில் சொல்லமாட்டேன், சாப்பிட்டு முடித்ததும் சொல்வேன்.

அரிசி மூட்டையில் இன்னொரு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து இறங்கிவிட்டது. அந்தக் கூடுதல் ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறும்போது என் கணவர் வரியைத் திட்டிக்கொண்டே ஏறினார். அண்ணாச்சி கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துப் பொட்டலம் கட்டும் பருப்புக்கு அந்த வரி இல்லை.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு மாதம் ஒரு தடவை போவோம். சோப்பு, பேஸ்ட், பாத்திரம் தேய்க்கும் பவுடர் அங்கே மலிவு, அதை மறுக்க முடியாது. மற்றவற்றில் கண்ணை ஏமாற்றும் வேலை நடக்கிறது. போன வருடம் சன்ஃபிளவர் ஆயில் இரண்டு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று 135 ரூபாய், இன்னொன்று 122. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயரமும் ஒன்று, அகலமும் ஒன்று. 122 ரூபாய் பாக்கெட்டைக் கூடையில் போட்ட பிறகுதான் மகள் பின்பக்கத்தைப் படித்தாள்: 850 மில்லி. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 143 ரூபாய் 50 பைசா. 135 ரூபாய் பாக்கெட்டில் 1 லிட்டர், 910 கிராம் என்று இருந்தது. எண்ணெய் சூட்டில் விரியும் சாமான். அதனால் அளந்த வெப்பநிலையை அதிகமாகப் போட்டுக்கொண்டு, லிட்டர் என்ற பெயரில் எடையைக் குறைக்க வழி இருந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலை போடாமல் எடையையும் சேர்த்து அச்சிடச் சொன்னது. இப்போது கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று விலையும் பொடி எழுத்தில் அச்சாகிறது. நான் பார்ப்பது அந்தப் பொடி எழுத்தைத்தான். கண்ணாடி மறந்து போன நாளில் எண்ணெய் வாங்குவதில்லை.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்பையும் மகள் போனில் எட்டு மாதம் பயன்படுத்தினோம். தக்காளி சில நாள் மார்க்கெட்டைவிடக்கூட மலிவாக இருந்தது. ஆனால் டெலிவரி இலவசமாக வேண்டுமென்றால் பில் 199 வர வேண்டும், அந்த 199ஐ நிரப்ப ஒரு சிப்ஸ், ஒரு பிஸ்கட். எட்டு மாதத்தில் வந்த சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்லமாட்டேன். மகள் ஆப்பை அழித்துவிட்டாள், இல்லை, நான் அழிக்க வைத்தேன்.

மீன் மட்டும் நோட்டுக்கு அடங்காது. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்குப் போனால் ஒரு விலை, ஏழு மணிக்கு வேறு விலை, வெயில் ஏறியதும் இன்னொரு விலை. கூறு போட்டு விற்கும்போது கிலோ கணக்கு எங்கே வரும்? ஒருமுறை விலையைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்து, “இன்னா கண்ணு, கணக்கெடுக்க வந்துகீறியா, கொழம்பு வைக்க வந்துகீறியா?” என்று கேட்டார். நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு கூறு கானாங்கத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத 61 நாளும் எங்கள் வீட்டில் கருவாடும் முட்டையும்தான்.

காய்கறி தெருவில் வரும் வண்டியில். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது மட்டும் ரேஷன் கடை வரிசையில் நின்று 60 ரூபாய்க்கு ஒரு கிலோ வாங்கினேன். வடசென்னையில் 32 கடைகளில் கொடுத்தார்கள். இரண்டு நாள் கிடைத்தது, மற்ற நாட்களில் புளி.

கடைசியில் எங்கள் தெரு அண்ணாச்சி கடை. என் நோட்டின்படி அங்கேதான் எல்லாம் விலை அதிகம். 2025 பொங்கலுக்கு முந்தைய வாரம் துவரம் பருப்பு அண்ணாச்சியிடம் 160, சூப்பர் மார்க்கெட்டில் 155, கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் 142. முதல் வருடம் நான் அவரிடம் தீப்பெட்டிகூட வாங்கவில்லை. அத்தை மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தார். பத்து ரூபாய்க்குக் கடலைப்பருப்பு, ஐந்து ரூபாய்க்குப் பெருங்காயம். “கிலோ கணக்கு பாருங்க அத்தை, எவ்ளோ ஜாஸ்தி கொடுக்கறீங்கன்னு தெரியும்” என்று சொன்னால், “எனக்கு வேண்டியது ஒரு ஆழாக்கு, கிலோவை வெச்சு நான் என்னா பண்ண?” என்பார்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை என்றால் ஆப் எங்கே, ஜிபே எங்கே? கையில் இருந்தது 70 ரூபாய். அரை லிட்டர் பாலை இரண்டு மடங்கு விலைக்கு விற்றவர்களும் உண்டு. அண்ணாச்சி கடை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, மேல் தட்டில் நனையாமல் இருந்ததை எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி, பிரெட், ரவை, கொசுவத்தி. போட்டிருந்த விலைதான். காசு கேட்கவில்லை, அவருடைய நீள நோட்டில் எழுதிக்கொண்டார். அதில் அத்தையின் பேருக்கு ஒரு பக்கம் முன்பே இருந்தது. எனக்கு இல்லை. அத்தையின் பக்கத்தில்தான் என் மெழுகுவர்த்தியும் ஏறியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதச் சாமான் முழுவதையும் அண்ணாச்சியிடமே வாங்கியிருந்தால் எனக்கு எவ்வளவு கூடுதல் ஆகும்? ரேஷனை விட்டுவிட்டுப் பார்த்தால் 250, மிஞ்சினால் 300 ரூபாய். அந்த 300 ரூபாய்க்காக நான் நாலு நடை நடந்து, மூன்று கிலோ உளுந்தைப் புறாவுக்குப் போட்டு, ஒரு கூடை சிப்ஸ் தின்று தீர்த்திருக்கிறேன். இருந்தாலும் 300 ரூபாய் என்பது மகளின் மாத நோட்டுச் செலவு. அதை விட்டுவிட முடியாது. அதனால் இப்போது மசாலா ஜார்ஜ் டவுனில், சோப்பு சூப்பர் மார்க்கெட்டில், பருப்பும் ரவையும் சில்லறைச் சாமானும் அண்ணாச்சியிடம் என்று பிரித்துக்கொண்டேன். அண்ணாச்சியின் நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் வந்துவிட்டது. மாதம் 5ஆம் தேதிக்குள் தீர்த்துவிடுவேன்.

என் தங்கை என்னைக் கஞ்சம் என்கிறாள். அவளும் சீரகம் வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் போடுகிறாள்.

போன வாரம் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணாச்சி கேட்டார்: “தங்கச்சி, நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கீங்களாமே. 2024 தீபாவளிக்கு நான் சன்ஃபிளவர் ஆயில் என்ன ரேட்டு போட்டேன்?” செப்டம்பரில் இறக்குமதி வரி கூடியதால் எண்ணெய் விலை ஏறிய சமயம் அது. நோட்டைப் புரட்டிச் சொன்னேன்: “138, அண்ணாச்சி. சூப்பர் மார்க்கெட்டுல 145.”

கொஞ்ச நேரம் தராசையே பார்த்தார். “பழைய ஸ்டாக்குன்னு பழைய ரேட்டுக்கே வித்துட்டேன் போல” என்று சொல்லிவிட்டு, என் கால் கிலோ பொட்டுக்கடலையிலிருந்து நாலு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.