அலுவலக சைபர் பயிற்சிச் சந்தா: மறுபடி கட்டும் முன் ஒரு கணக்கு

எங்களுடையது மோட்டார் உதிரிபாக மொத்த வியாபாரம். மதுரை வடக்கு வெளி வீதியில் கடை, கப்பலூரில் குடோன், இரண்டுக்கும் சேர்த்து நாற்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறோம். ஐடி என்று தனி ஆள் கிடையாது. கணக்கு, நிர்வாகம், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பது, எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அப்படித்தான் ஊழியர்களுக்கான சைபர் பாதுகாப்புப் பயிற்சியும் என் தலையில் விழுந்தது.

2023-இல் ஒரு ஆன்லைன் பயிற்சிச் சேவையை வாங்கினோம். ஆளுக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா. இந்த முறை புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று முதலாளி கேட்டார். அதற்கு எழுதிக் கொடுத்த குறிப்பைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சேவையின் பெயரைச் சொல்லவில்லை. நான் டெமோ பார்த்த மற்றவையும் ஏறக்குறைய இதே சரக்கைத்தான் விற்கின்றன.

வாங்கியதற்குக் காரணம் பயம். எங்கள் லைனிலேயே இன்னொரு வியாபாரியின் கம்ப்யூட்டரில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து, டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா மொத்தமும் பூட்டிக்கொண்டது. பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியே இருந்ததால் அதுவும் சேர்ந்து போனது. பாக்கி வைத்திருந்த கடைக்காரர்களிடமே போன் போட்டு, “உங்க கணக்குல எவ்வளவு நிக்குதுண்ணே?” என்று கேட்கிற நிலைமை. அதைக் கேள்விப்பட்ட வாரமே முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சந்தாவில் கிடைப்பது மூன்று: மாதம் ஒரு குட்டி வீடியோவும் அதன் கீழே சில கேள்விகளும், ஏமாறுகிறார்களா என்று அவ்வப்போது நம் ஆட்களுக்கே அனுப்பிப் பார்க்கும் பொய் மெயில், மெயில் பெட்டியில் சந்தேக மெயிலைப் புகார் செய்ய ஒரு பட்டன்.

வீடியோவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பில்லிங்கில் இருக்கும் பிள்ளைகள் ஒரு ஜன்னலில் வீடியோவை ஓடவிட்டு, இன்னொன்றில் இ-வே பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் கேள்விக்கு ஆளாளுக்கு விடை பரிமாற்றம். நூற்றுக்கு நூறு மார்க், சான்றிதழ் வேறு வரும். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் லோடு நிற்கும்போது, வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் யாரோ கார் பார்க்கிங்கில் கிடந்த பென் டிரைவை எடுக்கிற கதையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அதைவிடப் பெரிய குறை, சொல்லிக்கொடுப்பதே பழசாகிப்போனது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் தளம் பாதுகாப்பானது என்று போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூட்டு, நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் காட்டும். தளத்தை நடத்துகிறவன் யோக்கியனா என்று காட்டாது. இன்றைக்கு மோசடித் தளங்களும் அந்தப் பூட்டோடுதான் வருகின்றன. எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடியுங்கள் என்றார்கள். இப்போது ஏஐ வைத்து எழுதும் மோசடி மெயில் எங்கள் ஆபீஸ் மெயிலைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி, காரணமில்லாமல் அடிக்கடி மாற்ற வைக்காதீர்கள் என்று 2017-லேயே எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் நம் ஆள் என்ன செய்வார்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார், மறந்துவிடக் கூடாது என்று மானிட்டரில் சீட்டு ஒட்டுவார்.

நமக்கு நிஜமாக வேண்டியவை அதில் இல்லை. இந்திய வங்கிகளின் இணைய முகவரி எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும், 2025 அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ஆன்லைனில் பணம் அனுப்பும் ஒரு கணக்கருக்கு இதைவிட எளிதான அடையாளம் எது? ஒரு வீடியோவில்கூட வரவில்லை. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அந்த டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்பதும், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைலும் (தொட்டால் போனில் ஆப்பை நிறுவிவிடும் ஃபைல்) வரவில்லை. ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று வரும் கடிதத்தில் டிஐஎன் அல்லது ஆர்எஃப்என் என்ற அடையாள எண் இருக்கிறதா என்று பார்ப்பது, அதை அரசு தளத்திலேயே போட்டுச் சரிபார்ப்பது, இதையெல்லாம் நானே சனிக்கிழமை டீ நேரத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். பத்து நிமிஷம்தான். வடையோடு கேட்டதால் மனதில் நின்றிருக்கலாம்.

பொய் மெயில் விஷயம் வேறு. அது வேலை செய்கிறது, ஆனால் விற்கிறவர்கள் சொல்கிற விதத்தில் இல்லை.

முதல் முறை அனுப்பியபோது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் கிளிக் செய்தார்கள். கூரியர் பார்சல் நிற்கிறது என்ற சாதாரண மெயில்தான். நாள்பட அந்த எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. அவர்கள் கொடுக்கும் கிராஃபைப் பார்த்தால் மனசு குளிரும். கொஞ்சம் நோண்டிப் பார்த்தால்தான் தெரியும், எந்த மெயிலை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கோடு ஏறுவதும் இறங்குவதும். கூரியர் மெயிலை ஒருவரும் தொடவில்லை. சித்திரைத் திருவிழா சமயத்தில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு விடுமுறைப் பட்டியல் என்று ஒன்றைப் போட்டதும் கோடு மறுபடி எகிறியது.

இன்னொரு வேடிக்கை. லீவில் இருந்த இரண்டு பேர் கிளிக் செய்ததாக ஒருமுறை ரிப்போர்ட் வந்தது. ஒருவர் ஊரில் அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தார், போனே எடுக்கவில்லை. விசாரித்தால், மெயில் சர்வரின் பாதுகாப்பு மென்பொருள் லிங்க் எங்கே போகிறது என்று தானே திறந்து பார்த்திருக்கிறது. அதையும் ஆள் கிளிக் செய்த கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இந்த எண்ணை வைத்து ஒருவரின் இன்கிரிமென்ட்டைத் தீர்மானிக்கும் ஆபீஸ் எங்காவது இருந்தால், அந்த ஊழியரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் போனஸ் பட்டியல் என்று ஒரு மாதிரி மெயிலை அந்தச் சேவையே தயாராக வைத்திருந்தது. அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2020 டிசம்பரில் இணைய முகவரி விற்கும் அமெரிக்காவின் கோடாடி கம்பெனி, 650 டாலர் போனஸ் என்று இதே மாதிரி சோதனை மெயில் அனுப்பி, நம்பி விவரம் கொடுத்தவர்களிடம் நீங்கள் ஃபெயில் என்று சொல்லி, கடைசியில் மன்னிப்புக் கேட்டது. திருடன் அப்படித்தான் அனுப்புவான் என்று ஒரு வாதம் உண்டு. அனுப்பட்டும். முதலாளி பெயரில் போனஸ் என்று நாமே அனுப்பி ஏமாற்றினால், ஏமாந்த ஊழியர் அடுத்த நாள் நிஜத் திருட்டு மெயிலைப் பார்த்தாலும் நம்மிடம் வந்து சொல்ல மாட்டார்.

வந்து சொல்வதுதான் இதில் முக்கியம். அதை எனக்குக் காட்டியதே எங்கள் பில்லிங் செக்‌ஷன்தான். பொய் மெயில் வந்ததும் முதலில் பார்க்கிற ஆள், “ஏய், ஒண்ணு வந்திருக்கு, யாரும் தொட்டுறாதீக!” என்று அறைக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அவ்வளவுதான், அந்தச் சோதனை அதோடு முடிந்தது. அந்தச் சேவையின் பிரதிநிதிக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேரத்தில் அனுப்பினால் இப்படிக் ‘காப்பியடிப்பதை’ நிறுத்தலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜத் திருட்டு மெயில் வரும் அன்றைக்கு இதைவிட நல்ல காரியம் வேறென்ன வேண்டும்?

இதை ஆராய்ந்தவர்களும் இதே பக்கம்தான் நிற்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்தார்கள். பொய் மெயிலைக் கிளிக் செய்தவுடன் பாடம் காட்டுவதால் அவர்கள் உஷாராகிவிடவில்லை. ஆனால் ஊழியர்கள் பட்டனை அழுத்திப் புகார் செய்வது, புதுத் திருட்டைச் சீக்கிரம் பிடிக்க உதவியது. 2025-இல் வெளியான இன்னொரு ஆய்வு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவமனையில் 19,500 ஊழியர்களை 8 மாதம் வைத்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சராசரி வித்தியாசம் 1.7 சதவீதம். சந்தா கட்டுகிற ஆள் என்ற முறையில் இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் எங்களுக்குச் சரக்கு தரும் ஒரு கம்பெனி பெயரில் மெயில் வந்தது. “எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த மாதத் தொகையைக் கீழே உள்ள புதுக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்யவும்” என்று அவர்கள் லெட்டர்ஹெட்டிலேயே கடிதம். முந்தைய மெயில்களின் தொடர்ச்சியாக வந்ததால் பில் நம்பர்கூடச் சரியாக இருந்தது. யாரோ அவர்கள் மெயில் பெட்டிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். முகவரியில் மட்டும் ஒரு வித்தியாசம்: ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் நெருக்கி நின்றன. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் எம் மாதிரியே இருக்கும்.

எங்கள் கணக்கர் அக்கா அந்த எழுத்தைக் கவனிக்கவில்லை. கவனித்ததாக அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சோதனை மெயில்களுக்கு அப்புறம் நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம்: வங்கிக் கணக்கு மாறினால், எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும், பழைய பில்லில் இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. மெயிலில் கீழே ஒரு மொபைல் நம்பர் இருந்தது. அதைத் தொடாமல் போன வருட ஃபைலை எடுத்துத் தேடி, அவர்கள் ஆபீஸுக்கு அடித்தார். எதிர்முனையில் இருந்தவர், “நாங்க கணக்கு ஒண்ணும் மாத்தலீங்களே!” என்றார். அப்புறம் அவர்கள் தங்களுடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்கள். போகாமல் நின்ற அந்தத் தொகை எங்கள் பயிற்சிச் சந்தாவைப் போலப் பல மடங்கு.

இந்தப் புண்ணியம் சந்தாவுக்கா, விதிக்கா? விதிக்குக் காசு செலவில்லை. ஆனால் பொய் மெயிலில் நாலு பேர் விழுந்ததைப் பார்க்காமல், முதலாளியே அவசரமாகப் பணம் போடச் சொன்னாலும் திருப்பிப் போன் போட்டுக் கேள் என்ற விதிக்கு எங்கள் முதலாளி சம்மதித்திருக்க மாட்டார். அந்த அளவுக்குச் சந்தாவுக்கு மார்க் கொடுக்கிறேன்.

குடோன் பக்கம்தான் ஓட்டை. அங்கே யாருக்கும் மெயில் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப். சூப்பர்வைசர் ஒருவர், வண்டி அபராதம் என்று வந்த ஏபிகேயைத் தன் போனில் போட்டுவிட்டார். அது குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை எடுத்து அனுப்பிவிடும் ரகம். கணக்கிலிருந்து பணம் போன செய்தி வந்ததும் ஒளிக்காமல் ஓடிவந்து, “அண்ணே, ஏதோ அமுக்கிட்டேண்ணே” என்றார். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டோம், வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் வங்கிக்கும் அடித்தோம். 1930-இல் கேட்பது கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம். இதைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தால் வேகமாக முடியும். போனதில் ஒரு பகுதியை எதிர்க் கணக்கிலேயே நிறுத்திவைத்தார்கள். அதைத் திரும்ப வாங்க வங்கிக்கு அலைந்த அலைச்சல் தனிக்கதை. மறுநாள் வந்து சொல்லியிருந்தால் அந்தப் பகுதியும் கிடைத்திருக்காது. திட்டு விழும் என்று பயந்திருந்தால் மறுநாள்தான் வந்திருப்பார்.

நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டால், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. எங்களைப் போன்ற கம்பெனிகளில் பலருக்கு இது தெரியாது. செர்ட்-இன்னின் மெயில் முகவரியை 1930-க்குப் பக்கத்திலேயே அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

முதலாளிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: வீடியோ வேண்டாம். மெயில் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் பொய் மெயிலும் புகார் பட்டனும் போதும், அந்த அளவுக்குச் சந்தாவைக் குறைத்துக் கேட்போம். ஒத்துவரவில்லை என்றால் இதே மாதிரி பொய் மெயில் அனுப்ப கோஃபிஷ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், அது ஒன்றுதான் யோசனை. கிளிக் செய்தவர் பட்டியலை யாருக்கும் காட்டுவதில்லை, புகார் செய்தவர் பெயரை மட்டும் படிப்போம்.

குடோனுக்கு இந்தச் சேவையில் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் சோதனை வரும், வரும் என்கிறார்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்று நானும் பில்லிங் தம்பியும் போய், ஒவ்வொருவர் போனிலும் செட்டிங்ஸைத் திறந்து, வாட்ஸ்அப் வழியாகத் தெரியாத ஆப் நிறுவும் அனுமதியை அணைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேர் முடிந்திருக்கிறது. மீதிப் பேர் லோடு இறக்கப் போயிருக்கிறார்கள், கப்பலூர் டோல்கேட்டில் வண்டி நின்றால் அவர்கள் திரும்ப எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும்.